கடல் பயணமா? வயிற்றைக் குறை சொல்லாதீர்கள்!

கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதுமே ஜன்னலோர சீட்டுக்குப் போட்டி ஆரம்பமாகிவிடும். ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார். இன்னொருவர் கையில் பாலிதீன் பை தயாராக இருக்கும். பஸ் ஸ்டாண்டில், "இஞ்சி மொரப்பா... பித்தம், வாந்தி, மயக்கத்துக்கு இஞ்சி மொரப்பா" என்று கூவி விற்றவரிடம் முன்கூட்டியே இரண்டு பாக்கெட் வாங்கிப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவராவது இருப்பார். அவரைக் கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும்?

இந்தக் கவலையோடுதான் அண்மையில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது நினைவிருக்கும். மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதில் குடும்பத்தோடு போய், நல்லூர் கந்தசுவாமி கோவிலைத் தரிசித்து வர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"டாக்டர், எனக்குப் பித்த உடம்பு. கார்ல போனாலே குமட்டும். நாலு மணி நேரம் கடல்ல எப்படித் தாங்குவேன்? முதல் நாளே பேதிக்குச் சாப்பிட்டு வயித்தைச் சுத்தம் பண்ணிடறேன். கிளம்பற அன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். வயித்துல ஒண்ணும் இல்லேன்னா வாந்தி எப்படி வரும்?"

நான் பதறிப் போனேன். "அம்மா, அந்த ரெண்டையும் மட்டும் செஞ்சிடாதீங்க" என்றேன். பேதி மருந்தால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் முதல் நாளே வெளியேறிவிடும். மறுநாள் கடலில் வாந்தியும் சேர்ந்தால் அவர் கரை இறங்கும்போது கைத்தாங்கலாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். வெறும் வயிறாக இருந்தாலும் வாந்தி நிற்காது. குமட்டிக் குமட்டிக் கடைசியில் மஞ்சளாகக் கசப்பு நீர் வரும். அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, பித்தம் எவ்வளவு இருந்திருக்கு!" என்பார்கள். வயிறு காலியாக இருப்பதால் குடலிலிருந்து பித்தநீர் மேலே வருகிறது, அவ்வளவுதான். வாந்திக்குக் காரணம் அது இல்லை.

காதில் ஒரு ரசமட்டம்

கடல் மயக்கம் வயிற்றில் ஆரம்பிப்பதில்லை. காதில் ஆரம்பிக்கிறது. சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள்.

கொத்தனார் சுவர் கட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பாரே, அதேபோல நம் உள்காதில் இரண்டு பக்கமும் இயற்கை வைத்த ரசமட்டம் இருக்கிறது. திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. மேலே ஏறுகிறோமா, கீழே இறங்குகிறோமா, சாய்கிறோமா என்பதை அவை சொல்லும். கண்ணும், கால் பாதமும், தசைகளும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்பும். தரையில் நடக்கும்போது எல்லாச் செய்திகளும் ஒன்றாக இருப்பதால் மூளைக்குக் குழப்பமில்லை.

கப்பலின் அறைக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? எதிரே சுவர், மேஜை, பக்கத்து சீட்டுக்காரர். எல்லாம் உங்களோடு சேர்ந்தே ஆடுவதால் கண்ணுக்கு எதுவும் அசையவில்லை. "நாம் சும்மா இருக்கிறோம்" என்கிறது கண். "இல்லை, ஏறி ஏறி இறங்குகிறோம்" என்கிறது காது. யாரை நம்புவது? மூளை திணறுகிறது. இப்படிப் புலன்கள் முரண்படுவது விஷம் உள்ளே போனதன் அறிகுறி என்று மூளை தப்பாக எடுத்துக்கொண்டு, 'வயிற்றில் இருப்பதை வெளியே தள்ளு' என்று உத்தரவு போடுகிறது என்பது ஒரு கருத்து. முதலில் கொட்டாவி வரும். பிறகு வாயில் எச்சில் ஊறும். முகம் வெளுக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை வரும், தலை கிறுகிறுக்கும். அப்புறம்தான் வாந்தி.

இதற்கு அருமையான சாட்சி ஒன்று உண்டு. காது கேளாத பலருக்குத் தலைச்சுற்றலே வருவதில்லை என்று அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் என்ற அறிஞர் 1882-லேயே எழுதினார். பிறகு 1950-களின் இறுதியில், விண்வெளிப் பயணத்துக்கான ஆராய்ச்சிக்காக, வாஷிங்டனிலுள்ள காலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலோருக்கு மூளைக்காய்ச்சலால் உள்காது பழுதடைந்திருந்தது. அவர்களைக் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் படகில் அழைத்துப் போனார்கள். அவர்கள் ஜாலியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி செய்யப் போனவர்கள்தான் வாந்தியில் சுருண்டு, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. வயிறு எல்லோருக்கும் ஒன்றுதானே? வேலை செய்யாத உள்காதுதான் அந்தப் பதினோரு பேரைக் காப்பாற்றியது.

எங்கள் சித்த மருத்துவத்தில் உடம்பிலுள்ள பத்து வாயுக்களில் உதானன் என்று ஒன்றைச் சொல்வோம். மேல்நோக்கிப் பாயும் வாயு. அது நிலை மாறினால் ஏப்பம், விக்கல், வாந்தி வரும். பித்தமும் சேர்ந்து கெடும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில் இதைத்தான் மனப்பாடம் செய்தேன். இன்றும் அதை வைத்துத்தான் மருந்து தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் உதானனைக் கிளப்பிவிடுவது எது என்றால், கடல் விஷயத்தில் அது உள்காதுதான். இதைச் சொல்ல ஒரு சித்த மருத்துவன் கூச்சப்பட வேண்டியதில்லை.

யாருக்கு வரும்?

போதுமான அளவு ஆட்டினால் அநேகமாக எல்லோருக்கும் வரும். 'பீகிள்' கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின், ஐந்து வருஷமும் அலை எழும்போதெல்லாம் அவதிப்பட்டார். உலர்ந்த திராட்சைதான் அவருக்குத் துணை. இங்கிலாந்தின் புகழ் பெற்ற கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. கடலில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று நாம் நினைக்கும் மீனவர்களும் விதிவிலக்கில்லை. "தடைக்காலம் அறுபத்தோரு நாள் முடிஞ்சு மொத நாள் போறப்ப எனக்கே லேசா கிறுகிறுன்னு வரும் சாமி. ரெண்டாம் நாள் போயிரும்" என்று என்னிடம் வைத்தியம் பார்க்கும் மீனவர் ஒருவர் சொன்னார். பழக்கம் விட்டால் மூளை மறந்துவிடும். திரும்பக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அநேகமாக வராது. பள்ளிக்கூடம் போகும் வயதில் அதிகம். வளர வளரக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இன்னும் கூடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அப்படியே.

ஆட்டத்திலும் வகை உண்டு. ஆட்டோவில் தடதடவென்று குலுங்கினால் இடுப்பு வலிக்குமே தவிரக் குமட்டாது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டும். கடலில் கப்பலின் தாலாட்டு கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் இருக்கிறது!

எங்கே உட்கார்வது, எங்கே பார்ப்பது?

மலைப்பாதையில் பஸ் டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எங்கே என்று அவர் கண்ணுக்கு முன்பே தெரியும். காதும் கண்ணும் ஒரே செய்தியைச் சொல்லும். நீங்களும் அந்த வழியைத்தான் பின்பற்ற வேண்டும். திறந்த தளத்துக்குப் போக அனுமதி இருந்தால் போய், கப்பல் போகும் திசையைப் பார்த்து உட்காருங்கள். வானமும் கடலும் சேரும் கோட்டையே பாருங்கள். பக்கத்தில் அடிக்கும் அலையைப் பார்க்காதீர்கள்.

சீசா பலகையில் ஓரத்தில் உட்கார்ந்தவர்தான் உயரத் தூக்கப்படுகிறார். நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு. கப்பலும் அப்படித்தான். முன்பக்கம், மீனவர்கள் அணியம் என்பார்களே, அங்கேதான் தூக்கிப் போடும். டிக்கெட் எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள். மேல்தளத்து அறைக்குக் கூடக் காசு கொடுத்துவிட்டு அதிகமாக ஆடுவானேன்?

இந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் இருக்கும் செல்போன்தான் பெரிய வில்லன். அந்தமானில் தீவுக்குத் தீவு போகும் ஏ.சி. படகுகளில் பாருங்கள், ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் ஒருவர் ஆரம்பிப்பார். அந்தச் சத்தமும் வாடையும் பக்கத்து வரிசைக்குப் பரவும். போனைப் பையில் போடுங்கள், புத்தகமும் வேண்டாம். வெளியே பார்க்க வழியில்லை என்றால், கண்ணை மூடி, தலையைச் சீட்டில் அழுத்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். படுக்க இடமிருந்தால் மல்லாந்து படுப்பது இன்னும் நல்லது.

இன்னொன்று. வாந்தி வந்தால் ஓடிப்போய்க் கம்பிக்கு மேலே எட்டிக் கடலில் எடுக்காதீர்கள். தலைசுற்றும் நேரத்தில், ஈரத்தளத்தில், ஆடும் கப்பலில் அது உயிருக்கே ஆபத்து. காற்று எதிரே அடித்தால் எடுத்தது முகத்துக்கே திரும்பி வரும் என்பது வேறு! பையில் எடுங்கள், கூச்சம் வேண்டாம்.

இஞ்சியும் மாத்திரையும்

சரி, மொரப்பாக்காரர் சொல்வது உண்மையா? பெரும்பாலும் உண்மை. டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரை வைத்து நடுக்கடலில் சோதித்து 1988-ல் வெளியிட்டார்கள். ஒரு கிராம் இஞ்சித் தூள் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. குமட்டலிலும் தலைச்சுற்றலிலும் அந்த அளவுக்குத் தெளிவான வித்தியாசம் இல்லை. வேறு சில சோதனைகளில் இஞ்சியால் பெரிய பலன் தெரியவில்லை. எனவே, 'இஞ்சி சாப்பிட்டால் வரவே வராது' என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பலருக்குக் கை கொடுக்கிறது, தூக்கம் வருவதில்லை, அடுப்படியிலேயே கிடைக்கிறது. அதனால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

சுக்கின் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் மருத்துவத்தின் பால பாடம். சுரண்டிய சுக்கை லேசாக வறுத்துப் பொடித்துச் சலித்து வையுங்கள். கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு ஒரு கிராம், அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன், தேனில் குழைத்துச் சாப்பிடலாம். சர்க்கரைக்காரர்கள் வெந்நீரில் கலந்து குடியுங்கள். குமட்டல் முற்றிய பிறகு சாப்பிட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நேரம்தான் முக்கியம். மொரப்பாவில் இஞ்சியைவிட வெல்லமும் சர்க்கரையும் அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வயிற்றுப்புண், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதையும் தங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கடையில் கிடைக்கும் சித்த மருந்துகளில் மாதுளை மணப்பாகும் ஏலாதி சூரணமும் குமட்டலுக்குக் கொடுப்பவை. அளவை உங்கள் சித்த மருத்துவர் சொல்வார். மணப்பாகு சர்க்கரைப் பாகில் செய்தது, நீரிழிவுக்காரர்களுக்கு ஆகாது.

ஆங்கில மருந்து வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கடுமையாக வருபவர்களுக்கு அவோமின் போன்ற மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. அவை மூளைக்குப் போகும் தவறான தகவலை அமுக்குபவை. அதனால்தான் தூக்கமும் வரும், வாயும் உலரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த மருந்தைத் தரவே கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்களும், ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபடும் பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டு கரை இறங்கியதும் கார் ஓட்டாதீர்கள். இன்னொரு விஷயம்: வீட்டில் சாதாரண வாந்திக்கு வைத்திருக்கும் டாம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் மாத்திரைகளை எடுத்துப் போகிறார்கள். கடல் மயக்கத்துக்கு அவை பெரும்பாலும் பயன்படுவதில்லை.

வெளிநாடுகளில் காதுக்குப் பின்னால் ஒரு பட்டை ஒட்டிக்கொள்வார்கள். அதிலுள்ள மருந்துச் சத்து நம் ஊமத்தையிலும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு, "ஊமத்தை இலையை அரைச்சுப் பத்துப் போடலாமா?" என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம்! இலைக்கு இலை சத்து மாறும். அளவு மீறினால் மனம் பிதற்றி, மூச்சே நின்றுவிடக்கூடிய விஷம் அது.

நான் செய்த தப்பு

இனி நான் சொல்லப் போவதை வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

1998-ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் குடும்பத்தோடு கப்பலில் போனோம். சுமார் 60 மணி நேரப் பயணம். பங்க் வகுப்பில் வரிசையாகப் படுக்கைகள். முதல் ராத்திரியே பாதிப் பேர் சுருண்டு விட்டார்கள். கூட வந்த என் தாய்மாமாவுக்கு அப்போது 62 வயது. சர்க்கரை வியாதிக்காரர். காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இட்லி ஒன்று சாப்பிட்டார், அதுவும் வெளியே வந்தது. மத்தியானம் ஒன்றும் இறங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் சட்டை நனைய வியர்வை. கை நடுங்குகிறது. என்னை என் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"கடல் ஒத்துக்கலை, கொஞ்சம் தூங்கட்டும்" என்றார்கள் எல்லோரும். டாக்டர் பட்டம் வாங்கிய நானும் அதையேதான் சொன்னேன். சுக்குத் தூள் கலந்த வெந்நீரை எடுத்துக்கொண்டு போனேன். அத்தைதான் கேட்கவில்லை. "முப்பது வருஷமா இவரைப் பாக்கறேன், இது வேற" என்று சொல்லிவிட்டுக் கப்பல் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கால் மணி நேரத்தில் மாமா எழுந்து உட்கார்ந்து, "என்ன எல்லாரும் சுத்தி நிக்கறீங்க?" என்றார். தூங்கட்டும் என்று விட்டிருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வியர்க்கிறது.

கடல் மயக்கத்திலும் வியர்க்கும், முகம் வெளுக்கும். ஆனால் பேச்சு குழறாது, ஆளை மாற்றிச் சொல்ல மாட்டார். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்து, நடுங்கி, குழம்பிப் பேசினால், விழுங்கும் நிலையில் இருக்கும்வரை உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வாந்தியால் சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதை நிறுத்தவே கூடாது? இன்சுலினை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு, இருதய மாத்திரைகள் வாந்தியோடு வெளியே வந்துவிட்டால் திரும்பப் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, தாங்க முடியாத தலைவலி, விடாத வயிற்று வலி, வாந்தியில் ரத்தம். இவற்றில் எது இருந்தாலும் கடலின் மேல் பழி போடாமல் கப்பல் ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். மாரடைப்பும் சில சமயம் குமட்டலும் வியர்வையுமாகத்தான் ஆரம்பிக்கிறது.

என்ன சாப்பிடலாம்?

பட்டினி வேண்டாம், பொங்கல் வடையும் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வழியில் நெல்பொரி, பிஸ்கட், உலர்ந்த திராட்சை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கலாம். நெற்பொரியைக் கொதிநீரில் ஊற வைத்து வடித்த தெளிவு, வாந்திக்கு எங்கள் மருத்துவத்தில் பழைய பத்தியம். ஒரு பிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். காப்பி, எண்ணெய்ப் பலகாரம், முதல் நாள் ராத்திரி மது, இவை கூடாது. டீசல் வாடையும் சமையலறை வாடையும் வராத இடமாக உட்காருங்கள். எலுமிச்சம்பழத்தை முகரலாம், கெடுதல் இல்லை.

வாந்தி தொடர்ந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடக் மடக்கென்று குடித்தால் திரும்பி வரும். ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே கழியவில்லை, நாக்கு உலர்ந்துவிட்டது, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

பயண மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வங்கக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் குணமே வேறு.

நாகப்பட்டினத்து அம்மாவுக்கு இவ்வளவையும் சொல்லி, சுக்குத் தூளும் கொடுத்து அனுப்பினேன். போய் வந்து, "ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு டாக்டர். அதுவும் பேரன் போன்ல படம் காட்டினான், ஆசையா பாத்துட்டேன்" என்றார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கட்டில் ஆடுகிற மாதிரி இருக்கிறதாம், அதற்குத்தான் பயந்து வந்திருந்தார். கப்பல் ஆட்டத்துக்குப் பழகிய மூளை தரைக்குத் திரும்பப் பழக ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். குளிக்கும்போது கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அதிகம் தெரியும், அதனால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கச் சொன்னேன். சில நாட்களுக்குள் அடங்காவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டதாகப் போன் செய்தார்.